ஓட்டை கேக்குக்கு எந்த அடுப்பு, எந்த அச்சு?

மகள் ஒரு பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வந்து கேட்ட கேக் அது. வளையம் மாதிரி இருக்கும், நடுவில் ஓட்டை. பக்கமெல்லாம் கோயில் தூண் போல வரிவரியாகப் பள்ளம். மேலே ஊற்றிய சாக்லேட் வழிந்து பாதியில் நின்றிருக்கும். "பண்ட் கேக்" என்றாள். மாமியார் காதில் அது "பன் கேக்" என்று விழுந்து, "பன்னுலயுமா கேக் பண்றாங்க?" என்று கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். "உளுந்த வடை கணக்கால்ல இருக்கு. நடுவுல ஓட்டை போட்டாத்தானத்தா உள்ள வேகும்" என்று சொல்லிவிட்டு, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார்.

அத்தை சொன்னதுதான் இந்தக் கேக்கின் முழு சூட்சுமமும். சாக்லேட் கேக் மாவு கனமானது. ஆழமான வட்டப் பாத்திரத்தில் ஊற்றினால் ஓரம் காய்ந்த பிறகும் நடு கொழகொழவென்று இருக்கும். நடுவில் ஒரு குழாயை நிறுத்தினால் சூடு உள்ளிருந்தும் வரும். ஜெர்மன்காரர்கள் பல காலமாக இப்படிப்பட்ட அச்சில்தான் குகல்ஹூப்ஃப் என்ற கேக்கைச் செய்கிறார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நார்டிக் வேர் நிறுவனத்தின் டேவிட் டால்க்விஸ்ட் 1950-ல் அதை அலுமினியத்தில் வார்த்து, 'பண்ட்' என்று பெயர் வைத்தார். கொஞ்ச காலம் அது பெரிதாக விற்கவில்லை. 1966-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பேக்கிங் போட்டியில் ஹெல்ஃப்ரிச் என்ற பெண்மணி அந்த அச்சில் செய்த சாக்லேட் கேக்குக்கு 2-ம் பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் அச்சுக்கு அடிதடி. முதல் பரிசு வாங்கிய பண்டம் எது என்று இன்று யாரும் கேட்பதில்லை.

சரி, மதுரைக்கு வருவோம். வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள், அதற்கு ஒரு கேக், அவ்வளவுதான் என்றால் வீட்டில் செய்ய வேண்டாம். அண்ணா நகர், கே.கே. நகர் பக்கமெல்லாம் வீட்டிலிருந்தே கேக் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் முன்னால் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அச்சு வாங்கும் காசிலேயே கேக் வந்துவிடும். ஆனால் வருஷத்தில் நாலைந்து முறையாவது செய்யப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். நான் அந்த ரகம். செய்து, கெடுத்து, மறுபடி செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை மட்டும் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கோ அது இரண்டாம் பட்சமாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

குக்கர் கேக்கை நான் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தவள்தான். குக்கரில் சூடு கீழிருந்து மட்டும் ஏறுகிறது. மேல்பக்கம் சிவக்காது, வெளுத்துப்போய் ஈரமாக நிற்கும். சாதாரண கேக்குக்கு அது குறைதான். ஆனால் பண்ட் கேக்கைக் கவிழ்த்துத்தான் தட்டில் வைக்கிறோம். அச்சின் அடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் வெளியே தெரியும் முகம். வெளுத்த மேல்பக்கம் தட்டுக்கு அடியில் போய்விடும். அதனால் குக்கரின் அந்தப் பெரிய குறை இந்தக் கேக்கில் மட்டும் கண்ணுக்கே தெரியாது. இது உறைத்த அன்றுதான் குக்கர் மீது எனக்கு மரியாதை வந்தது.

ஆனால் குக்கருக்கு இடைஞ்சல்கள் உண்டு. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றியாக வேண்டும், அதில் விளையாட்டே கூடாது. அடியில் உப்போ மணலோ ஒரு அங்குலம் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடேற்றி, அதன் பிறகு அச்சை உள்ளே வைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு மணி நேரம் தீயில் நிற்பது அலுமினியக் குக்கருக்கு நல்லதில்லை. தினமும் சோறு வைக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். பழசாகி மூலையில் கிடப்பது இருந்தால் அதை எடுங்கள், அல்லது கனமான இரும்புச் சட்டியும் அதற்குப் பொருந்தும் மூடியும் போதும். மூடியில் நீர் கோத்து மாவில் சொட்டும். மூடியின் உள்பக்கத்தில் துணியைக் கட்டி, தொங்கும் முனைகளைத் தீக்கு எட்டாமல் மேலே தூக்கி முடிந்துவிட்டால் சொட்டாது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் அளவு. பெரிய பண்ட் அச்சு 25 சென்டிமீட்டர் அகலம் வரும், சாதாரண வீட்டுக் குக்கரில் அது இறங்காது. சின்ன அச்சுதான் சரிப்படும்.

அடுத்து ஓ.டி.ஜி., அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு. அதில் அகலம் பிரச்சினை இல்லை, உயரம்தான் பிரச்சினை. 19 லிட்டர் ஓ.டி.ஜி.யில் அச்சை வைத்தால் மேல் கம்பிக்கும் மாவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. மாவு உப்பும்போது நேராகக் கம்பியில் போய் முட்டும். 28, 30 லிட்டரில் கீழ்த்தட்டில் வைத்தால் நன்றாக வரும். கடைசிக் கால் மணி நேரம் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூட வேண்டியிருக்கும். மின்சாரச் செலவு என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 1500 வாட் ஓ.டி.ஜி. ஒரு மணி நேரம் நிற்காமல் எரிந்தால்கூட ஒன்றரை யூனிட்தான். தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் அதற்கும் குறைவாகத்தான் ஆகும்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. விசிறி சூட்டைச் சுழற்றுவதால் மேல்தோல் சீக்கிரம் இறுகி, வெடிப்பு விடும். வெடிப்பும் அடிப்பக்கம்தான் போகிறது என்பதால் பரவாயில்லை. ஓ.டி.ஜி.க்குச் சொன்ன சூட்டில் 10, 15 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். உலோக அச்சு என்பதால் கன்வெக்‌ஷன் மட்டும்தான், மைக்ரோவேவ் சேர்ந்த பட்டனைத் தொடக்கூடாது. "மதினி, இதை நான் பால் காய்ச்சத்தான் வச்சிருக்கேன்னு நெனச்சேன்" என்றாள் நாத்தனார். வாங்கி மூன்று வருஷம் ஆகிறது.

ஆக, வீட்டில் எது இருக்கிறதோ அது போதும். இந்தக் கேக்குக்காக என்று புது அடுப்பு வாங்காதீர்கள். அந்தக் காசை அச்சில் போடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு, அச்சில் மிச்சம் பிடிக்கப் போய் அடி வாங்கியவள் நான். முதல் அச்சைப் புது மண்டபத்துப் பக்கம் பாத்திரங்களோடு பாத்திரமாக வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். கையில் எடுத்தால் எடையே இல்லை, விரலால் அழுத்தினால் உள்ளே போய் வந்தது. விலையும் அதற்கேற்ற விலைதான். மெல்லிய தகடு சூட்டை உடனே வாங்கி உடனே மாவில் இறக்கிவிடும். வரிகளின் முனை கருகிவிட்டது, பள்ளங்களின் உள்ளே மாவு வெந்தும் வேகாமலும் இருந்தது. அதைவிட மோசம் கவிழ்த்தபோது நடந்தது. தட்டை மேலே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே மூச்சில் திருப்பினேன். ஒன்றும் விழவில்லை. தட்டினேன். இன்னும் கொஞ்சம் தட்டினேன். பொத்தென்று பாதி விழுந்தது, மீதிப் பாதி அச்சின் வரிகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றது. விருந்தாளிகள் கூடத்தில் இருக்கிறார்கள். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஆறு கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தார். உதிர்ந்த கேக்கை டம்ளரில் போட்டு, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். "ஜிகர்தண்டா மாதிரி புதுசா இருக்கே" என்று ஒருவர் இரண்டாவது டம்ளர் கேட்டார். தப்பித்தோம்.

தடித்த வார்ப்பு அலுமினியம்தான் இந்தக் கேக்குக்கான அச்சு. விலை கூடுதல்தான், ஆன்லைனில்தான் தேட வேண்டியிருக்கும். ஆனால் சூடு மெதுவாக, ஒரே சீராக இறங்கும். வரிகள் கத்தி வைத்து வெட்டியது போல விழும். பேக்கரி ரகம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த வரிகளின் கூர்மைதான், ருசி அப்புறம்தான். சிலிக்கான் அச்சு மலிவு, ஒட்டாது, வாழைப்பூ மடல் மாதிரி உரித்து எடுத்துவிடலாம். ஆனால் சிலிக்கான் சூட்டைச் சரியாகக் கடத்தாது. தோல் வெளுத்து மெத்தென்று இருக்கும், வரிகள் மழுங்கிப் போகும். மாவு ஊற்றித் தூக்கும்போது வயிறு தள்ளி ஆடும், தட்டில் வைத்துத்தான் தூக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறவர்களுக்கு அது போதும், பார்வைக்கு வேண்டும் என்றால் போதாது. கறுப்பு நிற நான்-ஸ்டிக் தகடு நடுவாந்தரம். சூட்டை 15 டிகிரி குறைத்தால் ஒப்பேற்றலாம். எந்த அச்சானாலும் கம்பி நார் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். ஒரே ஒரு தேய்ப்பு போதும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒட்டும்.

அளவையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 'பத்து கப்', 'ஆறு கப்' என்று போட்டிருப்பார்கள். பத்து கப் என்றால் சுமார் 2.4 லிட்டர், ஆறு கப் 1.4 லிட்டர். எழுதியிருப்பதை நம்பாமல் தண்ணீரை அளந்து ஊற்றிப் பாருங்கள். மாவு அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஆறு கப் அச்சே தாராளம்.

தடவுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வெண்ணெய் தடவு என்று எல்லாச் செய்முறையிலும் இருக்கும், தடவாதீர்கள். வெண்ணெயில் நீரும் பால் திடப்பொருளும் இருக்கின்றன. சூட்டில் அந்தப் பால் திடம்தான் பசை மாதிரி பிடித்துக்கொள்கிறது. டால்டா முழுக்கக் கொழுப்பு, அதில் நீர் கிடையாது. டால்டா, எண்ணெய், கோகோ தூள் மூன்றையும் சம அளவில் குழைத்து, சிலிக்கான் பிரஷ்ஷால் ஒவ்வொரு வரிக்குள்ளும் நடுக் குழாயிலும் பூசுங்கள். கோகோவுக்குப் பதில் மைதா போட்டால் கறுப்புக் கேக்கின் மேல் திருநீறு பூசியது போல வெள்ளைத் திட்டு வரும். மாவு ஊற்றுவதற்குச் சற்று முன்னால்தான் பூச வேண்டும். முன்கூட்டியே பூசி வைத்தால் மதுரைச் சூட்டுக்கு எல்லாம் வழிந்து அடியில் தேங்கிவிடும்.

இனி வெண்ணெயா எண்ணெயா. கொடைக்கானலில் இருக்கும் சித்தி வெண்ணெய்க் கட்சி. அவர் செய்முறையில் வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்க வெளுக்க அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும்போது வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் சிக்கும், கேக் அதில்தான் உப்பும். அதற்கு வெண்ணெய் 20 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், அழுத்தினால் குழிய வேண்டும், உருகக் கூடாது. கொடைக்கானலில் வெண்ணெயை மேசையில் வைத்தாலே அந்தப் பதம். சித்திரை மாதத்து மதுரைச் சமையலறையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெய் கல்லாக இருக்கும், போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால் நெய்யாக இருக்கும். நடுவில் அந்தப் பதம் எப்போது வந்துபோனது என்றே தெரியாது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் அப்பளக் கட்டு மாதிரி உட்கார்ந்துவிடும். இன்னொன்று, கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே மாவு வேகமாக உப்பும், அதற்காகச் சித்தி சோடாவைக் குறைத்தே போடுவார். அந்த அளவை அப்படியே சமவெளிக்கு இறக்கினால் வேலைக்கு ஆகாது.

எண்ணெய்க்கு இந்தப் பாடு இல்லை. அடிக்க வேண்டாம், கலக்கினால் போதும். உப்புவதைச் சோடா பார்த்துக்கொள்ளும். மறுநாளும் மெத்தென்று இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால்கூட வெண்ணெய்க் கேக் மாதிரி இறுகாது. வாசனை வெண்ணெய்க்குத்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சாக்லேட் கேக்கில் கோகோவின் குரல் அதை அமுக்கிவிடும். வெனிலா கேக் என்றால் நானும் சித்தி கட்சிதான். எண்ணெயில் வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெயைப் போடுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் உள்ளே நுழைந்ததைச் சொல்லிக்காட்டிவிடும்.

கோகோவில் இரண்டு ஜாதி. ஒன்று இயல்பான தூள், இளம் பழுப்பு, புளிப்பு உண்டு. மற்றது டச்சு முறை, நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறை. காரம் சேர்த்துப் புளிப்பை எடுத்துவிடுவதால் நிறம் கருத்து, ருசி மழமழவென்று இருக்கும். பேக்கரிக் கேக்கின் அந்த அடர்ந்த நிறம் இதில்தான் வருகிறது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எது என்று எழுதாமல் விட்டிருந்தால் பின்பக்கம் பொருள் பட்டியலைப் பாருங்கள். அமிலச் சீராக்கி 500, 501 என்று இருந்தால் டச்சு. சமையல் சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். டச்சு கோகோவும் சோடாவும் மட்டும் சேர்ந்தால் சோடா மிஞ்சி, கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். தயிர் சேர்த்தால் அந்தச் சண்டை தீர்ந்துவிடும், இரண்டில் எந்தக் கோகோவும் ஓடும். நம் ஊரில் தயிருக்குப் புளிப்பை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கோகோவைக் கொதிக்கும் திரவத்தில் கரைத்துவிட்டுச் சேர்ப்பது முக்கியம், அப்போதுதான் வாசம் முழுதாகத் திறக்கும். வெந்நீரைவிட டிகாஷன் நல்லது. காபி ருசி தெரியாது, சாக்லேட் ருசி மட்டும் ஒரு படி ஏறும். சிக்கரி நிறைய கலந்த தூளானால் கசப்பு தட்டும், அளவைக் குறையுங்கள்.

முட்டையா, முட்டையில்லாமலா? எங்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டை கிடையாது, அப்போது தயிரைக் கூட்டிப்போட்டுச் செய்கிறேன். ருசி குறையில்லை. ஆனால் முட்டைதான் கேக்கைக் கட்டிப்பிடிக்கும் எலும்பு. அது இல்லாத கேக் எளிதில் உதிரும், வரிவரியான அச்சிலிருந்து முழுதாகக் கழன்று வருவது சந்தேகம். அந்த மாதத்தில் சாதாரண வட்ட டின்னில் செய்துவிடுவது உத்தமம்.

மைதா விஷயம் சின்னதுதான். பரோட்டாவுக்கு இழுபடும் மைதா கேக்குக்கு ஆகாது. வீட்டில் அதுதான் இருக்கிறது என்றால் 150 கிராமில் 20 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவு சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) போடுங்கள். பேக்கரிகளில் கேக் ஜெல் போடுவார்கள், அந்தப் பஞ்சுத்தனம் அதனால் வருவது. கீழமாசி வீதிப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும். ஆனால் பண்ட் கேக்கின் அழகே கொஞ்சம் கனமாக, ஈரமாக இருப்பதுதான், அதற்கு ஜெல் தேவையில்லை.

ஆறு கப் அச்சுக்கு நான் போடும் அளவு இது: மைதா 150 கிராம், கோகோ 45 கிராம், சர்க்கரை 200 கிராம், சமையல் சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், முட்டை 2, எண்ணெய் 90 மில்லி, தயிர் 120 மில்லி, வெந்நீர் கலந்த சூடான டிகாஷன் 120 மில்லி. கோகோவை டிகாஷனில் கரைத்து ஆறவிட்டு, ஈரமானதை ஒன்றாகவும் உலர்ந்ததை ஒன்றாகவும் கலந்து, பின் இரண்டையும் சேர்த்துக் கட்டி உடைந்ததும் நிறுத்திவிடுங்கள். ஓ.டி.ஜி.யில் 165 டிகிரி, 40 முதல் 45 நிமிடம். கறுப்புக் கேக்கின் நிறத்தை வைத்து வெந்ததா என்று சொல்ல முடியாது. பல்குத்தும் குச்சி இந்த ஆழத்துக்கு எட்டாது. கழுவித் துடைத்த புது ஈர்க்குச்சிதான் சரி. நாலைந்து ஈரத் துகள் ஒட்டி வர வேண்டும், சுத்தமாக வந்தால் ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எடுத்ததும் கவிழ்க்காதீர்கள், உடையும். முழுக்க ஆறவும் விடாதீர்கள், சர்க்கரை இறுகி ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் விடுங்கள். ஓரம் அச்சை விட்டு நூலளவு விலகியிருக்கும். இரண்டு கையாலும் அச்சைப் பிடித்து இட அசைவு, வல அசைவு கொடுத்தால் உள்ளே கேக் மொத்தமாக நகர்வது கைக்குத் தெரியும். அது தெரிந்த பிறகுதான் தட்டை மேலே வைத்துத் திருப்ப வேண்டும். சரியாக வந்தால் சத்தமே இருக்காது. திடீரென்று கையில் அச்சின் எடை மட்டும் மிஞ்சும்.

மேலே ஊற்றும் சாக்லேட்டில் நான் மலிவானதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். நிஜச் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 32, 34 டிகிரியிலேயே உருகும். வைகாசியில் நம் கூடத்தின் சூடே அதைத் தாண்டும். க்ரீமில் கலந்து ஊற்றினால் வழிந்து தட்டில் குளமாகிவிடும். காம்பவுண்டு சாக்லேட்டில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். 100 கிராமுக்கு 60 மில்லி க்ரீம், கேக் நன்றாக ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். மார்கழியில் செய்கிறீர்கள் என்றால் நிஜச் சாக்லேட்டே போடுங்கள், வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

கரண்ட் விஷயத்தை மறந்துவிட்டேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாவைக் கலக்குங்கள். சோடா சேர்ந்த மாவு காத்திருக்காது. போன முறை எனக்கு அப்படித்தான் ஆனது, பிறந்தநாள் கேக் கடைசியில் பழைய இரும்புச் சட்டியில்தான் வெந்தது. கவிழ்த்து, சாக்லேட் ஊற்றி வைத்த பிறகு சட்டியில் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மெழுகுவர்த்தியை எங்கே குத்துவது என்று நாங்கள் பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஓட்டை, சுற்றிலும் வழவழ சாக்லேட். மகள் உள்ளே ஓடிப்போய் ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்து ஓட்டைக்குள் இறக்கினாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அதற்குள் அரிசியைப் போட்டு, ஒன்பது மெழுகுவர்த்தியை நட்டு வைத்தாள்.